கூடாரத்தைத் தைத்தவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகதி வாழ்வைக் கலையாக்கும் இன்றைய அரபுக் கலைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்தப் பொருளுக்குத் தமிழில் ஒரு முழுப் பக்கம் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் படங்களின் கீழே கலைஞரின் பெயர் மட்டுமே இருந்தது. மற்றவர்களை 'அகதிப் பெண்களின் உதவியுடன்' என்ற ஒரே வரியில் கட்டுரை கடந்துவிட்டது. பலர் கூடிச் செய்த படைப்பில் அந்த உதவிதான் வேலையின் பெரும்பகுதி. யார் வரைந்தார், யார் தைத்தார், எந்த இடத்தில் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் தெரியாவிட்டால் அந்தப் படைப்பு என்ன சொல்கிறது என்பதும் பிடிபடாது. ஊசிவேலையும் பழந்துணிப் பாதுகாப்பும் எங்கள் தொழில் என்பதால் விடுபட்டவற்றை எழுதுகிறோம்.

முதலில் பாலஸ்தீனக் கலைஞர் எமிலி ஜாசிரின் கூடாரம். 1948-இல் அழிக்கப்பட்ட, மக்கள் வெளியேற்றப்பட்ட 418 பாலஸ்தீனக் கிராமங்களின் நினைவாக 2001-இல் நியூயார்க்கின் பி.எஸ்.1 கலைக்கூடத்தில் உருவானது. வரலாற்றாசிரியர் வலீத் காலிதி 1992-இல் வெளியிட்ட ஆவணத் தொகுப்பிலிருந்து கிராமப் பெயர்களை எடுத்து, அகதிகளுக்குத் தரப்படும் வகைக் கூடாரத்தின் மேல் ஆங்கில எழுத்தில் பென்சிலால் வரைந்தார் ஜாசிர். பிறகு தன் பணியறைக் கதவைத் திறந்து வைத்தார். 140-க்கும் மேற்பட்டவர்கள் வந்து கருப்பு நூலால் தைத்தார்கள். அந்தக் கிராமங்களைப் பூர்வீகமாகக் கொண்ட பாலஸ்தீனர்கள் வந்தார்கள். அதே கிராமங்களின் இடிபாடுகள் மீது எழுந்த ஊர்களில் வளர்ந்த இஸ்ரேலியர்களும் வந்தார்கள். வழக்கறிஞர், பல் மருத்துவர், ஆசிரியர், இசைக்கலைஞர் என்று ஊசி பிடித்துப் பழக்கமில்லாத பலரும் அவர்களில் இருந்தார்கள். எந்த நாளில் யார் தைத்தார் என்று எழுதிவந்த குறிப்பேடும் படைப்பின் ஓர் அங்கம்தான். கூடாரத்தோடு அதையும் வைக்கிறார்கள்.

இந்த வேலையின் அளவை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெயருக்குச் சராசரியாக 9 எழுத்து என்றால் 418 பெயருக்கு 3,762 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு 10 நிமிடம் என்று குறைவாக வைத்தாலும் 627 மணி நேரம். தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒருவருக்கு 78 நாள் ஆகும். கூடாரத் துணியில் அந்த 10 நிமிடமும் போதாது. நீர் புகாதபடி பூச்சேற்றிய முரட்டுக் கித்தானில் பூவேலைக்கு வைத்திருக்கும் மழுங்கல் முனை ஊசி இறங்காது. கூர்முனையும் அகலக் காதும் உள்ள ஊசி வேண்டும். அதை ஒவ்வொரு குத்துக்கும் விரலில் மாட்டும் அங்குஸ்தானால் அழுத்தித் தள்ள வேண்டும். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டினால் பூச்சில் உராய்ந்து பஞ்சுபஞ்சாகப் பிரிந்துவிடும். சுவர்ப்பகுதி என்றால் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் உட்கார்ந்து ஊசியை மாற்றி மாற்றி வாங்கினால்தான் வேகம் வரும்.

புதிதாகத் தைப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நூலை இறுக்கி இழுப்பார்கள். துணி சுருங்கி எழுத்து குறுகிவிடும். சரிசெய்யலாம் என்று பிரித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பருத்திச் சேலையில் ஊசித் துளை துவைத்தால் மூடிக்கொள்ளும், பூச்சேற்றிய கித்தானில் மூடாது. பிரித்த எழுத்தின் மேல் திரும்பத் தைத்தால் ஒன்றையொட்டி இரண்டு வரிசைத் துளைகள் விழுந்து துணி அந்த இடத்தில் கிழியத் தொடங்கும். அதனால் இத்தகைய வேலையில் கோணல் எழுத்தைக் கோணலாகவே விட்டுவிடுவதுதான் முறை. 140 பேரின் கை அழுத்தமும் துணியில் தனித்தனியாகத் தெரிவது கூட்டு வேலைக்குக் குறையே இல்லை. இதே வேலையைத் தேர்ந்த தையற்கூடம் ஒன்றில் கொடுத்திருந்தால் எழுத்துகள் ஒரே சீராக வந்திருக்கும். எத்தனை பேர் என்ற செய்தி மறைந்துபோயிருக்கும்.

கூடாரத்தில் எல்லாப் பெயர்களும் தைத்து முடிக்கப்படவில்லை. சில பெயர்கள் பென்சில் கோடாகவே நிற்கின்றன. உற்றுப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும் அந்தக் கோடுகளை எந்த அருங்காட்சியகமும் இனிமேல் தைத்து நிரப்பக்கூடாது. பென்சில் கரி துடைத்தால் போய்விடும் என்பதால், தூசி தட்டும்போது தூரிகை அந்தப் பெயர்களின் மேல் படவும் கூடாது. கட்டுரையில் இந்த முடிவுறாமை பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் எங்களுக்கு அதிக வருத்தம்.

அடுத்தது மோனா ஹாத்தூமின் 'பன்னிரண்டு சன்னல்கள்'. ஹாத்தூம் 1952-இல் பெய்ரூட்டில் பாலஸ்தீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1975-இல் லண்டனுக்குச் சென்றிருந்தபோது லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டதால் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கியவர். 2012, 2013 ஆண்டுகளில் செய்யப்பட்ட இந்தப் படைப்பில் 100 செ.மீ. சதுரமான பன்னிரண்டு பூத்தையல் துணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் பாலஸ்தீனத்தின் ஒரு பகுதிக்குரிய கோலங்களையும் நிறங்களையும் தாங்கியது. தைத்தவர்கள் லெபனானின் அகதி முகாம்களில் வாழும் பாலஸ்தீனப் பெண்கள், 'இனாஷ்' என்ற அமைப்பின் வழியாக. அந்த அமைப்பை 1969-இல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் லெபனான் ஓவியர் யூகெட் கலாந்த். முகாம் பெண்களுக்கு வருமானம், ஊர்க் கோலங்கள் மறையாமல் இருப்பது, இரண்டுமே நோக்கம். ஹாத்தூமின் படைப்பு விவரத்திலேயே இனாஷின் பெயர் கூட்டாளியாக இடம்பெறுகிறது. தங்கள் கட்டுரையில்தான் அது விடுபட்டது.

தத்ரீஸ் எனப்படும் இந்தப் பாலஸ்தீனப் பூத்தையலை யுனெஸ்கோ 2021-இல் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதன் அடிப்படை, பெருக்கல் குறி போன்ற கிராஸ் ஸ்டிச். (பெத்லகேம் பகுதியில் மட்டும் தடித்த கயிற்றிழையைத் துணி மேல் படுக்கவைத்து மெல்லிய நூலால் கட்டும் வேலை பேர்பெற்றது.) எண்ணித் தைப்பதற்கென்று சிறு கட்டங்களாக நெய்த நடுத்தரத் துணியில் 10 செ.மீ.க்கு ஏறத்தாழ 55 கட்டங்கள் இருக்கும். அப்படியானால் ஒரு மீட்டர் சதுரத்தில் மூன்று லட்சம் கட்டங்களுக்கு மேல். கோலம் பாதி இடத்தை மட்டும் நிரப்புகிறது, கைதேர்ந்தவர் மணிக்கு 250 தையல் போடுகிறார் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு துணிக்கு 600 மணி நேரம். ஹாத்தூமின் துணிகளை நாங்கள் அளந்து சொல்லும் கணக்கு இல்லை இது. இந்த அளவுள்ள எந்தத் துணிக்கும் ஆகும் உழைப்பு இவ்வளவு.

பல கைகள் தைக்கும்போது எது கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். கிராஸ் ஸ்டிச்சில் மேலே விழும் சாய்கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒருவர் வலமும் இன்னொருவர் இடமும் சாய்த்தால் நூல் ஒன்றே ஆனாலும் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு, சிவப்பில் திட்டுத்திட்டாக இரண்டு நிறம் தெரியும். வேலை தொடங்கும் முன் எல்லோரையும் ஒரு சிறு துணியில் தைக்கச் சொல்லி இதை ஒழுங்குபடுத்திவிட வேண்டும். நூலை மொத்தமாக, ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதியிலிருந்து வாங்க வேண்டும். நிற எண் ஒன்றாக இருந்தாலும் தொகுதி மாறினால் நிறம் மாறும். இழை பிரித்துத் தைக்கும் நூல் லச்சி (சிறு நூற்கட்டு) ஒன்றில் எட்டு மீட்டர்தான் வரும் என்பதால், தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக எடுத்து வைப்பது நல்லது. சிவப்பு நூலை நனைத்த வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து இரவு முழுக்க அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். எண்ணிக்கைப் பிழைதான் பெரிய ஆபத்து. ஒரு கட்டம் தவறினால் அது பல வரிசை தாண்டி, கோலம் மறுபாதியோடு சேரும் இடத்தில்தான் வெளியே தெரியும். துணியில் பத்துக்குப் பத்தாக வேறு நிற நூலால் தற்காலிகக் கோடு ஓட்டிவிட்டால் பிழை பத்துக் கட்டத்துக்குள் அகப்பட்டுவிடும்.

கூலியும் இதில் அடங்கும். செலவான நூலின் அளவுக்குக் கூலி, முடித்த துண்டுக்குக் கூலி என்று பூத்தையல் தொழிலில் இருவகை வழக்கம். இரண்டிலுமே பிரித்துத் தைத்த நேரத்துக்குக் காசு இல்லை. கோலத்தை மாற்றச் சொல்வது கலைஞர் என்றால் அந்தச் சுமை தைப்பவர் தலையில் விழுகிறது. கூட்டுக் கலை என்று பெயர் சூட்டுகிறவர்கள் மணிக்கணக்கில் கூலி தரவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஹாத்தூம் இந்தத் துணிகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைக்கவில்லை. அறையின் குறுக்கே எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டி, துணி காயப்போடும் மரக் கிளிப்புகளால் தொங்கவிடுகிறார். கம்பிகள் வழியை மறிப்பதால் பார்ப்பவர் சுற்றிச் சுற்றித்தான் போக முடியும். துணிப் பாதுகாவலருக்கு இது சிரமமான ஏற்பாடு. தையல் அடர்ந்த இடம் கனத்துக் கீழே இழுக்கும், வெறும் ஓரம் தொய்யும். இப்படித் தொங்கும் எந்தத் துணிக்கும் கிளிப் கடிக்கும் இடத்தில் அமிலமில்லாத் தாள் வைத்து, அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக்கூடாது. கழற்றியபின் மடிக்காமல், அகலமான குழாயில் பூவேலை வெளிப்புறம் இருக்கச் சுருட்ட வேண்டும். இவ்வளவு சிரமத்துக்கும் காரணம் இருக்கிறது. சட்டத்துக்குள் போயிருந்தால் அவை பழம்பொருள் ஆகியிருக்கும். கம்பியில் தொங்கும்போது யாரோ இன்னும் குடியிருக்கும் வீட்டின் துணிகள்.

துணியைத் தாண்டியும் சொல்ல வேண்டியவை உண்டு. லெபனானின் தானியா எல் கூரி 2016-இல் உருவாக்கிய நிகழ்வு ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரே பார்வையாளர்தான். அவர் வெள்ளைச் சுவரின் துளைக்குள் கையை நீட்டி, காதில் கருவி மாட்டிப் பாட்டும் கதையும் கேட்கிறார். சுவருக்கு அப்பால், முகம் காட்டாமல், சிரியாவின் யர்மூக் அகதி முகாமில் பிறந்த பாலஸ்தீனக் கலைஞர் பாசில் ஸரா அந்தக் கையில் நடந்து செல்லும் மனிதர்களை வரைகிறார். ஒலிப்பதிவில் இருப்பது அவருடைய சகோதரிகள் டமாஸ்கசிலிருந்து ஸ்வீடனுக்குச் சென்ற பயணம். இங்கே இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன.

இதற்கு நேர்மாறாக, பெயரைச் சொல்லாமல் இருப்பதே மரியாதையாகும் இடமும் இருக்கிறது. மொராக்கோவில் பிறந்த புஷ்ரா கலீலி 2008 முதல் 2011 வரை எடுத்த எட்டுக் காணொளிகளில், உரிய ஆவணமின்றி நாடு நாடாகக் கடந்தவர்கள் தங்கள் பாதையை அழியாத மையில் நிலப்படத்தின் மேல் தாங்களே வரைகிறார்கள். அசையாத கேமரா. கையும் பேனாவும் படமும் மட்டும் தெரியும், குரல் கேட்கும். முகமோ பெயரோ வெளியானால் புகலிட விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், நாடு கடத்தப்படலாம். அதனால், பெயர் போடுங்கள் என்று கேட்கும் நாங்களே இதையும் சேர்த்துக் கேட்கிறோம்: பங்கேற்றவரிடம் வேலை தொடங்கும்போது ஒருமுறையும், காட்சிக்கும் அச்சுக்கும் போகும் முன் மறுபடி ஒருமுறையும் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று தங்கள் நிருபர் கண்காட்சி அமைப்பாளரிடம் விசாரிக்க வேண்டும். முதல் நாள் சம்மதித்தவரின் நிலை இரண்டு ஆண்டில் மாறியிருக்கும். சம்மதம் இருந்தால் முழுப் பெயர், இல்லையென்றால் எத்தனை பேர், எந்த முகாம், எந்த வேலை என்ற விவரம். படத்தின் கீழே இரண்டு வரியில் இது அடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஊசிவேலை, துணிப் பாதுகாப்புத் துறையினர் சிலர்,
சென்னை.