இலையுதிர்காலச் சாலைப் பயணத்தில் முகாம் தங்கல் ஏற்பாடுகளில் நேர்ந்த குறைபாடு குறித்த புகார்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
சுற்றுலா நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

நாள்: நவம்பர் 4

பொருள்: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மாநிலங்களில் அக்டோபர் 8 முதல் 13 வரை மேற்கொண்ட மோட்டார் ஹோம் பயணத்தில் ஏற்பட்ட சேவைக் குறைபாடும், பணத்தைத் திருப்பித் தரக் கோருதலும்.

ஐயா,

வணக்கம். பாஸ்டன் அருகே வசிக்கும் என் மகள், மருமகன், ஆறு வயதுப் பேரன் ஆகியோருடன் நானும் என் மனைவியும் ஐந்து இரவுகள் இலையுதிர்கால வண்ணங்களைப் பார்த்து வருவதற்காக, தங்கள் திருச்சிக் கிளையில் கடந்த மே மாதம் ரூ. 2,85,000 செலுத்திப் பதிவு செய்தோம். நாங்கள் சைவ உணவுக்காரர்கள் என்பதால், மோட்டார் ஹோம் எனப்படும், அடுப்பும் படுக்கையும் உள்ள வண்டியில் நாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வோர் இரவும் ஒரு முகாமில் நிறுத்தித் தங்கலாம் என்று தங்கள் கிளை அலுவலர் விளக்கியது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. “எல்லா இரவும் மின்சாரம், குடிநீர் இணைப்புள்ள முகாம்” என்று ரசீதிலேயே எழுதி, இரவு ஒன்றுக்கு ரூ. 12,000 வீதம் தனியாகக் கணக்கிட்டிருந்தார்கள். இந்த ஒரு வரியை நம்பியே என் மனைவியின் மூட்டுவலியையும் பேரனின் வயதையும் பொருட்படுத்தாமல் புறப்பட்டோம்.

லிங்கன் நகருக்கு அருகே கழித்த முதல் இரவைப் பற்றி எனக்குக் குறையில்லை. எழுத வேண்டியது அதற்குப் பிந்தைய நான்கு இரவுகளைப் பற்றித்தான்.

மறுநாள் கான்கமாகஸ் நெடுஞ்சாலையில் பயணம் செய்தோம். லிங்கனிலிருந்து கான்வே வரை ஏறத்தாழ 34 மைல் மலைப்பாதை. 2,855 அடி உயரக் கணவாயைத் தாண்டி இறங்குகிறது. வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது, கைபேசிச் சிக்னலும் பெரும்பாலும் இல்லை. தங்கள் வழிகாட்டித் தாளிலோ “வழியெங்கும் பங்குகள் உண்டு” என்று இருந்தது. மருமகன் அந்த ஊர்களை ஓரளவு அறிந்தவர் என்பதால் லிங்கனிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டார். அந்தச் சாலையின் அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சர்க்கரை மேப்பிள் மரங்கள் செங்காவி நிறத்திலும், பிர்ச் மரங்கள் மஞ்சளிலும் மலைச்சரிவு முழுவதும் நின்ற காட்சியை என் மனைவி வண்டியின் சன்னலோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் தங்கள் தாளில் குறித்திருந்த கவர்டு பிரிட்ஜ் முகாமை நோக்கி வண்டியைத் திருப்பினோம். ஸ்விஃப்ட் ஆற்றின் மேல் 1858-இல் கட்டப்பட்ட கூரையுள்ள ஆல்பனி மரப்பாலத்தைக் கடந்து செல்லும்படி தங்கள் தாள் சொன்னது. பாலத்தின் முகப்பிலோ அனுமதிக்கப்பட்ட உயரம் 7 அடி 9 அங்குலம் என்று எழுதியிருந்தது. எங்கள் வண்டியின் உயரம் 11 அடிக்கும் மேல். அந்த எண் ஓட்டுநர் இருக்கைக்கு மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. தங்கள் நிறுவனம் கொடுத்த வண்டி, தங்கள் நிறுவனம் காட்டிய பாலத்துக்குள் நுழையவே முடியாது என்பதை வண்டியின் அளவையும் பாலத்தின் அளவையும் ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் சென்னையிலேயே கண்டுகொண்டிருக்கலாம். இருட்டிக்கொண்டு வரும்போது, நான் டார்ச் விளக்கைப் பிடித்துப் பின்னால் நடக்க, மருமகன் அந்த நீண்ட வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கி எடுத்து நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தார். பிறகு கான்வே ஊர் வரை போய், பாசகானவே சாலை வழியாகச் சுற்றி முகாமை அடையும்போது மணி எட்டு.

அது அமெரிக்க வனத்துறையின் முகாம். தூய்மையான, அமைதியான இடம். அதன்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் அங்கு மின் இணைப்பு எந்த இடத்துக்கும் கிடையாது. வண்டிக்குள் வரும் குடிநீர்க் குழாயும் கிடையாது. வனத்துறை இதை ஒளித்துவைக்கவில்லை. முன்பதிவுப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையில் கண்ட ஓர் இரவுக் கட்டணமோ, தாங்கள் எங்களிடம் பெற்ற தொகையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

இனி அந்த இரவு. வண்டியைச் சூடாக்கும் கருவி எரிவாயுவில் எரிந்தாலும், சூட்டை உள்ளே தள்ளும் விசிறி வண்டியின் பேட்டரியில்தான் ஓடுகிறது. மின் இணைப்பு இல்லாததால் ஜெனரேட்டரை ஓட்டிப் பேட்டரியை ஏற்றினோம். இரவு 10 மணிக்கு மேல் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது என்பது முகாமின் விதி. அதை மதித்து நிறுத்தினோம். அப்போது பேட்டரி முழுவதும் ஏறியிருப்பதாக விளக்கு காட்டியது. ஒரு மணி சுமாருக்கு விசிறியின் ஓசை மெல்ல இழுத்துக்கொண்டே போய் நின்றது. கருவி மறுபடி பற்றிக்கொள்ள முயன்று ‘டிக் டிக்’ என்று சில முறை அடித்துவிட்டு அடங்கியது. மூன்று மணிக்கு உள்ளேயிருந்த வெப்பமானி 4 டிகிரி செல்சியஸ் காட்டியது. சமையல் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று எழுந்த என் மனைவியை, மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும் என்று மருமகன் தடுத்தார். அதே காரணத்தால் எஞ்சினையும் ஓடவிட்டுத் தூங்க முடியாது. இருந்த போர்வைகள் எல்லாவற்றையும் பேரன்மீது போட்டு, அவனை நடுவில் படுக்கவைத்து, நாங்கள் நால்வரும் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். “தாத்தா, கால் வலிக்குது” என்று அவன் சொன்னதும் அவன் பாதங்களை என் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் சன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருந்த ஈரம் ஓரங்களில் உறைந்திருந்தது.

மறுநாள் காலை நார்த் கான்வேயில் வண்டியைச் சோதித்த பழுதுநீக்குபவர், பேட்டரி மிகப் பழையது, ஏற்றினாலும் மின்சாரத்தைத் தாங்கி வைக்காது என்று எழுதிக் கொடுத்தார். 165 டாலர் கொடுத்துப் புதிய பேட்டரி போட்டோம். என் மனைவிக்கு நடக்கவே சிரமமாக இருந்ததால், முன்பதிவு செய்திருந்த இரண்டாவது இரவை முகாமில் கழிக்காமல், 214 டாலர் கொடுத்து ஒரு மோட்டலில் தங்கினோம். அன்று காலை எட்டு மணிக்குத் தங்கள் “24 மணி நேர உதவி எண்ணை” அழைத்தபோது சென்னையில் மாலை ஐந்தரை மணி. ஏழு முறை அழைத்தும் எவரும் எடுக்கவில்லை. இரவில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு பதில் வந்தது: “இயற்கைச் சூழலில் சிறு அசௌகரியங்கள் சகஜம்.”

ஐயா, இந்த வாக்கியம்தான் என்னைக் கடிதம் எழுத வைத்தது. ஓர் ஆறு வயதுக் குழந்தை 4 டிகிரியில் விழித்திருந்ததைச் சிறு அசௌகரியம் என்று ஒருவர் எழுதுவதானால், அவர் அந்தப் பயணத்தைத் தன் குடும்பத்துக்கு ஏற்பாடு செய்வதாக ஒரு நிமிடமும் எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். மேலும், அந்தக் குளிர் எதிர்பாராத விபத்தும் அல்ல. இலைகளில் பச்சையம் குறையும் பருவத்தில், பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் சேர்ந்தால்தான் மேப்பிள் இலைகளில் சிவப்பு நிறமி நன்றாக உருவாகிறது. தாங்கள் விளம்பரத் தாளில் அச்சிட்ட சிவந்த மலையே குளிர்ந்த இரவுகளின் விளைவுதான். இலை சிவக்கும் வாரத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு அதிக விலையும் வைத்த தாங்கள், அந்த வாரத்து இரவுக்கு உரிய ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டது கவனக்குறைவு என்பதைவிடப் பெரியது. கோடைக்காலத்துக்காகத் தயாரித்த திட்டத்தில் தேதியை மட்டும் மாற்றி எங்களுக்கு விற்றிருக்கிறீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

கடைசி இரண்டு இரவுகளுக்கு மெய்ன் கடற்கரையில் தாங்கள் பதிவு செய்திருந்த தனியார் முகாமில் இந்தக் கருத்து முழுமையாக உறுதிப்பட்டது. குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க, அக்டோபர் தொடக்கத்திலேயே தண்ணீரை வடித்து இணைப்புகளை மூடிவிட்டிருந்தார்கள். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடமும் பூட்டியிருந்தது. உரிமையாளர் நேர்மையான மனிதர். தன் கைபேசியை எடுத்து, ஜூன் மாதம் தங்கள் நிறுவனத்துக்கு அனுப்பிய உறுதி மின்னஞ்சலை என்னிடம் காட்டினார். அந்தத் தேதிகளில் தண்ணீர் இருக்காது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதன் நகலை எனக்கும் அனுப்பிவைத்தார், இத்துடன் இணைத்துள்ளேன். நான்கு மாதங்களுக்கு முன்பே தெரிந்த செய்தியைத் தாங்கள் எங்களிடம் சொல்லவில்லை. அவர் வீட்டுக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து சமைத்தோம். கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டதால் நாற்பது நிமிடம் வண்டி ஓட்டிச் சென்று வேறோர் இடத்தில் காலி செய்தோம்.

அக்கேடியா தேசியப் பூங்காவில் கடிலாக் மலையுச்சியில் சூரிய உதயம் காண்பதும் தங்கள் திட்டத்தில் இருந்தது. அக்டோபர் தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை அமெரிக்காவில் முதலில் சூரியன் தெரியும் இடம் என்பதால் பேரன் அதற்காகவே காத்திருந்தான். 2021-ஆம் ஆண்டிலிருந்து சுற்றுலாப் பருவத்தில் அந்த மலையுச்சிக்குச் செல்லும் சாலைக்கு வாகன முன்பதிவு அவசியம், தாங்கள் செய்யவில்லை. செய்திருந்தாலும் மோட்டார் ஹோம்களுக்கு அந்தச் சாலையில் அனுமதியே இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. “பாஸ்டனிலேயே விறகு வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே விலை குறைவு” என்று தங்கள் தாளில் இருந்ததை நம்பி விறகுக் கட்டுகளை ஏற்றிச் சென்றோம். ஆஷ் மரங்களைத் துளைத்து அழிக்கும் வண்டுகள் விறகோடு பரவுவதால், வெப்பத்தில் பதப்படுத்தாத வெளிமாநில விறகை நியூ ஹாம்ப்ஷயரில் தடை செய்திருக்கிறார்கள். வனக் காவலர் ஒருவர் இதை மிக அன்பாக எடுத்துச் சொன்னார். எனக்கு அது ஆழ்ந்த வெட்கத்தைத் தந்தது. பார்த்து மகிழ வந்த காட்டுக்கே கேடு செய்யத் தெரியாமல் துணைபோயிருப்போம்.

முழுத் தொகையையும் நான் கேட்கவில்லை. வண்டி ஓடியது, முதல் இரவு நன்றாகக் கழிந்தது, கண்ணால் கண்டதும் கொஞ்சமல்ல. ஆனால் வாக்களித்த இணைப்புகள் இல்லாத நான்கு இரவுகளுக்கான ரூ. 48,000, மோட்டல் செலவு 214 டாலர், பேட்டரிச் செலவு 165 டாலர் ஆகியவற்றை இக்கடிதம் கிடைத்த 21 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இதே இலையுதிர்காலத் திட்டத்தை அடுத்த ஆண்டுக்கும் தாங்கள் விற்கத் தொடங்கிவிட்டதைத் தங்கள் கிளையில் பார்த்தேன். அதில் ஆல்பனி பாலமும், தண்ணீர் மூடப்படும் அந்த முகாமும் அப்படியே இருக்கின்றன. பதிவு செய்துள்ள குடும்பங்களுக்கு உண்மை நிலையை எழுத்தில் தெரிவித்து, திட்டத்தைத் திருத்தி, அதன் நகலை எனக்கும் அனுப்ப வேண்டும். என் பணம் தாமதமானால்கூட நான் பொறுத்துக்கொள்வேன். இந்தத் திருத்தம் தாமதமாகக் கூடாது.

தக்க பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ரசீது, வழிகாட்டித் தாள், பழுதுநீக்குபவரின் குறிப்பு, மோட்டல் ரசீது, முகாம் உரிமையாளரின் மின்னஞ்சல், பாலத்தின் முன் எடுத்த புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)