முகம் காட்டும் மீன்கள்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்துப் பவளம் வளர்க்கப் போவதாக நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, நம் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஓடிய கால்வாயில் சண்டை மீன் பிடித்து, அதைப் போத்தலில் விட்டு, இரவு முழுவதும் விளக்கடியில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்த நாள்கள் கண்முன் வந்தன.

உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் ஒளிந்து கொள்ளாமல் வெளியே நிற்கும் சிறு மீன்கள் எவை என்று கேட்டிருக்கிறாய். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதே என்பதே என் முதல் வேண்டுகோள். ஓடி ஒளிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் துணிந்து வெளியே வரும். ஆகவே முதலில் பாறைக் கற்களைப் பொந்தும் இடுக்குமாக அடுக்கு; மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் நீர்ச் சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை, எத்தனை வாரம் ஆனாலும், மீன் வாங்காதே.

தொடக்கத்துக்குக் கோமாளி மீனைவிட நல்லது இல்லை. நம் தியோமான் தீவுக் கடலிலேயே இருக்கும் மீன் அது. அங்கே கடல் பூங்காவில் மீன் பிடிக்கத் தடை உண்டு. கடைகளில் தொட்டியிலேயே பொரித்து வளர்த்த குஞ்சுகள் கிடைக்கின்றன, அவற்றையே கேட்டு வாங்கு. சிறிய குஞ்சுகளாக இரண்டை ஒன்றாக விட்டால், பெரியதாக வளர்வது பெண்ணாக மாறும், மற்றது ஆணாக இருக்கும். கடலில் அவை குடியிருக்கும் கடற்சாமந்தி என்னும் பூப்போன்ற உயிரினம் இல்லாமலும் அவை நன்றாக வாழும். புதிய தொட்டியில் கடற்சாமந்தி நிலைப்பது கடினம் என்பதால் அந்த ஆசையை ஓராண்டு தள்ளி வை.

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது மஞ்சள் காவல் கோபி என்னும் சிறு மீன். அதனோடு, கொடுக்கைச் சொடுக்கி வெடிச்சத்தம் எழுப்பும் சுடும் இறால் ஒன்றையும் சேர்த்து விட்டால், கண்பார்வை மங்கிய அந்த இறால் மணலில் வளை தோண்டிக் கொண்டே இருக்கும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் உணர்கொம்பால் மீனைத் தொட்டுக் கொண்டிருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை அசைக்கும், இரண்டும் ஒரே நொடியில் உள்ளே மறையும். காலைக் காப்பியோடு இதைப் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு எழுந்திருக்க மனம் வருவதில்லை.

மஞ்சள் பவளக் கோபியின் துணிச்சலுக்குக் காரணம் வேறு. மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் வளரும், செதிலும் கிடையாது. ஆனால் அதன் தோலில் ஊறும் வழவழப்பு நஞ்சுள்ளது என்பதால் மற்ற மீன்கள் அதை விழுங்கத் தயங்கும். எனவே பவளக் கிளையின் மேல் எல்லாரும் பார்க்க உட்கார்ந்திருக்கும். கொம்புப் பவளம் வளர்ப்பதாக இருந்தால் மட்டும் கவனம் தேவை; அதன் தசையைக் கொறிக்கும் பழக்கம் இதற்கு உண்டு.

மூன்று கறுப்புப் பட்டை போட்ட டாம்சல் மீனைத் துணிச்சலானது என்று கடையில் புகழ்வார்கள். அதை நம்பி வாங்கினேன். வளர்ந்ததும் மற்ற எல்லாவற்றையும் விரட்டியடித்தது. மாண்டரின் மீன் பேரழகுதான், ஆனால் உயிருள்ள நுண்ணிய இரையையே தேடித் தின்னும் அது, உன் அளவுத் தொட்டியில் பட்டினியால் சாகும். தீ மீனை நான் இழந்த விதம் இன்றும் வலிக்கிறது: மூடியில் இரண்டு விரல் அகல இடைவெளி விட்டிருந்தேன், மறுநாள் காலை அலமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது.

கடைக்காரரிடம் உன் கண்ணெதிரே இரை போடச் சொல். பாய்ந்து வந்து தின்கிற மீனை எடு; வயிறு ஒட்டிப்போய் வேகமாக மூச்சு வாங்குவதை விட்டுவிடு. ஒரு ஜோடி கோமாளி, ஒரு காவல் கோபி, ஒரு பவளக் கோபி, இவையே 120 லிட்டருக்குப் போதும். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் 30 பாகையைத் தாண்டிவிடும், நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு விசிறி வை. ஆவியாகிக் குறையும் நீருக்கு உப்பில்லாத நன்னீரையே ஊற்று, உப்பு ஆவியாவதில்லை.

தொட்டியின் நீள அகலத்தை அடுத்த கடிதத்தில் எழுது. தீபாவளிக்கு வரும்போது மூடிக்கான வலையை அளவெடுத்துச் செய்து கொண்டு வருகிறேன்.

உன் அன்புத் தோழன்