ஐந்து சரியாக வந்தால் போதுமா, மகன்?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகன்,

நீ கண்டுபிடித்த சூத்திரம் முதல் ஐந்து எண்களுக்கும் சரியாக வந்ததால் இனி எங்கும் சரிதான் என்று போனில் சொன்னாய். சந்தோசம். ஆனால் 4294967297 என்ற எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு அதைச் சொல்.

பிரான்சில் துலூஸ் நீதிமன்றத்தில் வேலை பார்த்த ஃபெர்மா, 2², 2⁴, 2⁸ என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டிப் பார்த்தார். 2¹இல் தொடங்கினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் முதன்மை எண்கள், அதாவது 1ஆலும் தம்மாலும் மட்டுமே வகுபடும் பகா எண்கள். இனி வருவதெல்லாமும் அப்படித்தான் என்று 1640இல் எழுதினார். நிறுவல் கையில் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரில் மரியாதை.

ஆறாவது 2³² + 1. அதுதான் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. 1732இல் கணித மேதை ஒய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

இவ்வளவு பெரிய எண்ணுக்கு 641 எப்படிக் காரணியாகும்? பென்சிலை எடு. 641 என்பது 5 × 2⁷ + 1. அப்போது 5 × 2⁷ 641க்கு ஒன்று குறைவு, அதை 641ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைக்கலாம். நாலாம் வலுவுக்கு உயர்த்து: 5⁴ × 2²⁸, மீதி 1. அதே 641 என்பது 5⁴ + 2⁴ உம்தான், 625உம் 16உம். ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ஐப் போடலாம். −2³² க்கு மீதி 1, அதாவது 2³² க்கு மீதி −1. அதனுடன் 1ஐக் கூட்டு, மீதியே இல்லை! டியூஷனுக்கு ஆரையம்பதியிலிருந்து வரும் ஒரு பிள்ளை இதைப் பலகையில் போட்டு முடித்துவிட்டு, கையில் சோக்குத் தூளோடு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். முழுதாக வகுத்துப் பார்க்காமலே தெரிந்துகொண்டோமே, அந்தச் சந்தோசம் உனக்கும் வர வேண்டும்.

65537க்குப் பிறகு இந்த வரிசையில் இன்றுவரை ஒரு முதன்மை எண்கூட அகப்படவில்லை. இனி இல்லவே இல்லை என்றும் யாரும் நிறுவவில்லை. உன் சூத்திரத்துக்கும் ஆறாவதைப் போட்டுப் பார், மகன். அப்புறம் ஏன் சரி என்று எழுதப் பார்.

இன்னொன்று. 6700417 முதன்மை எண்தானா என்று கல்குலேட்டர் இல்லாமல் பார்க்கலாம். 2³² + 1இன் முதன்மைக் காரணி எதுவானாலும், 1ஐக் கழித்தால் 128ஆல் மீதியின்றி வகுபடும். 641ஐப் பார், 640 ஐந்து 128கள். 1878இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா கொடுத்த விதி இது. 6700417இன் காரணிகளும் 2³² + 1இன் காரணிகள்தானே, அவற்றுக்கும் இது பொருந்தும். 6700417இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் இந்த விதிக்கு அடங்கும் முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும்தான். ஐந்தே ஐந்து வகுத்தல்! 257க்கு மீதி 170 வரும், மற்ற நாலையும் நீ போட்டு அனுப்பு.

அன்புடன்,
அம்மா