பாப்பாவின் சரித்திரப் புத்தகங்கள் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே பாளையங்கோட்டையில் எல்லோரும் சுகம்.

பாப்பாவுக்கு வாங்கிய இரண்டு உலக சரித்திரப் புத்தகங்களிலும் தப்பு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், திருப்பி அனுப்பிவிடவா என்று போனில் கேட்டாய். இது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால்தான் எழுதுகிறேன். நீ படமெடுத்து அனுப்பிய பக்கங்களையெல்லாம் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்துவிட்டேன். இரண்டையும் வைத்துக்கொள். ஆனால் அந்தப் பெரிய பளபளப்பான புத்தகத்தை அவள் கையில் தனியாகக் கொடுத்துவிடாதே, நீயோ மருமகளோ கூட உட்கார்ந்து வாசியுங்கள்.

ஐயாயிரம் வருஷத்தை முந்நூறு பக்கத்துக்குள் அடைத்தால் தப்பு வரத்தான் செய்யும். இத்தனை வருஷம் பெண்பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவள் என்ற முறையில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தச் சேதி நமக்கு எப்படித் தெரிய வந்தது என்று அந்தப் புத்தகம் எங்கேயாவது சொல்கிறதா? சின்னப் புத்தகம் சொல்கிறது. பெரிய புத்தகம் பக்கம் பக்கமாக முடிவுகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போகிறது, அதை எழுதியவர் அங்கே நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த மாதிரி.

பிரமிடு பக்கத்தையே எடுத்துக்கொள். எழுத்தில் பெரிய பிழை இல்லை. ஆனால் படத்தில் ஒருவன் சாட்டையோடு நிற்கிறான், எலும்பும் தோலுமாக அடிமைகள் கல் இழுக்கிறார்கள். பிள்ளைக்கு வரி மறந்துபோகும், படம் மறக்காது. எகிப்தில் கீசா என்ற ஊரில் பிரமிடுக்குப் பக்கத்திலேயே வேலைக்காரர்கள் குடியிருந்த இடத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ரொட்டி சுட்ட அடுப்புகளும், அவர்கள் தின்ற மாட்டு எலும்புகளும் கிடைத்தன. எலும்பு முறிந்து, வைத்தியம் பார்த்துக் கூடியிருந்த எலும்புக்கூடுகளும் அவர்கள் கல்லறைகளில் கிடைத்தன. அதைவிட எனக்குப் பிடித்தது 2013-இல் செங்கடல் கரையில், வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலே குழுவினருக்குக் கிடைத்த பாப்பிரஸ் தாள்கள், அதாவது நாணலில் செய்த அந்தக் காலத்துத் தாள்கள். மெரெர் என்ற ஒரு மேஸ்திரி தன் ஆட்களோடு தூரா சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, நைல் வழியாகப் படகில் கீசாவுக்குக் கொண்டுவந்ததை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். இன்று கல் ஏற்றினோம், இன்று இரவு இங்கே தங்கினோம் என்று. பெரிய பிரமிடைக் கட்டிய குஃபு மன்னன் காலத்துக் கணக்கு, நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியது. எழுதப்பட்ட பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையது அதுதான். கிரேக்கச் சரித்திர ஆசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு லட்சம் பேர் வேலை செய்தார்கள் என்று எழுதினார், ஆனால் அவர் பிரமிடு கட்டி இரண்டாயிரம் வருஷம் கழித்து அங்கே போய்க் காதில் கேட்டதை எழுதியவர். இந்த இரண்டு சாட்சிகளையும் பாப்பாவுக்குச் சொல், யாரை நம்புவாய் என்று அவளையே கேள். அதற்காகப் பிரமிடு கட்டியவர்கள் எல்லாம் நம் கொத்தனார் சித்தாள் மாதிரி இஷ்டத்துக்கு வேலைக்கு வந்து கூலி வாங்கிப் போனவர்கள் என்றும் சொல்லிவிடாதே, அரசனுக்கு உழைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருக்கும்.

மற்ற பிழைகளைப் பென்சிலால் அவளே திருத்தட்டும். வைக்கிங்குகள் என்ற வடக்கு ஐரோப்பியக் கடலோடிகள் தலையில் கொம்பு வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகவில்லை, அது 19-ஆம் நூற்றாண்டு நாடக மேடை உடுப்பு. உலகம் உருண்டை என்று கொலம்பஸ் நிரூபிக்கவில்லை. அவருக்கு ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்பே எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் நிழலை வைத்து பூமியின் சுற்றளவைக் கணக்குப் போட்டாயிற்று, கொலம்பஸ்தான் பூமியை உள்ளதைவிடச் சின்னதாக நினைத்துக் கிளம்பினார். மெகல்லன் உலகத்தைச் சுற்றி வந்தார் என்று போட்டிருக்கிறது. பாவம், அவர் 1521-இல் பிலிப்பைன்ஸில் மக்தான் தீவில் கொல்லப்பட்டார். மறு வருஷம் எல்கானோ தலைமையில் விக்டோரியா கப்பலில் ஊர் திரும்பியவர்கள் பதினெட்டுப் பேர்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இரண்டாம் உலகப்போர் பக்கத்தில்தான் ஐயா. லண்டன் மேல் குண்டு விழுந்தது இரண்டு பக்கம் நிறைய இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் போரில் சேர்ந்த 25 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. 1943 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்தவர்களைப் பற்றியும் கிடையாது. எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனாலும் அந்தப் பக்கம் தப்பான பக்கம். இங்கிலாந்தில் வளர்கிற பிள்ளைக்கு அதை நீதான் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடம் சொல்லும் என்று காத்திருக்காதே.

அப்புறம், இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்று மருமகள் கேட்டாளாமே. நியாயமான கேள்விதான். தேதி மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் இல்லை, ஒன்றோடொன்று எப்படித் தொடுத்திருக்கிறது என்று பார்க்கப் பழகுவதில்தான் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் பக்கத்தில் லிங்கன் படம் இருக்கிறது. அந்தப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை வடக்கத்திக்காரர்கள் தெற்குத் துறைமுகங்களை அடைத்துவிட, இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளுக்குப் பஞ்சு இல்லாமல் போய், அவர்கள் இந்தியாவையும் எகிப்தையும் தேடி வந்தார்கள். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பருத்தி 'தின்னவெல்லி' (திருநெல்வேலியைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள்) என்ற பெயரிலேயே தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. விலை தாறுமாறாக ஏறி, போர் முடிந்ததும் விழுந்தது. அமெரிக்க அடிமைகளின் கதையும் நம்மூர் விவசாயச் சம்சாரியின் கடனும் ஒரே சந்தையில் சேர்ந்திருந்தன என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியாது என்று நினைக்காதே. நன்றாகவே புரியும்.

அதே போல 1799 என்று ஒரு தாளில் எழுதச் சொல். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். ஜூலையில் எகிப்தில் நெப்போலியனின் சிப்பாய்கள் ரொசெட்டா கல்லை, எகிப்தியரின் பழைய சித்திர எழுத்தைப் படிக்கப் பின்னால் வழிகாட்டிய கல்வெட்டை, கண்டெடுத்தார்கள். அக்டோபர் 16 கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் நெப்போலியன் பாரிஸில் ஆட்சியைப் பிடித்தார். அந்தப் புத்தகத்தில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம், சிலது இல்லவே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் திப்புவோடு சேர்ந்துவிடுவார்களோ என்ற இங்கிலீஷ்காரர்களின் பயத்தைச் சொன்னால் மைசூரும் எகிப்தும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடும்.

நம் பக்கத்தையும் விடக்கூடாது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தோண்டியபோது கிடைத்த மாதிரிகளை வைத்து, இரும்பு அங்கே கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிக்கை வெளியிட்டதிலிருந்து, உலகத்துக்கே இரும்பு கொடுத்தது நாம்தான் என்று குடும்ப குரூப்பில் உன் மாமா தினமும் அனுப்புகிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் பாப்பாவுக்குச் சொல்லும்போது, இதுவரை கிடைத்த மாதிரிகள் இப்படிக் காட்டுகின்றன, இன்னும் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று சொல். வெள்ளைக்காரன் புத்தகத்தில் சாட்சி எங்கே என்று கேட்கிற பிள்ளை நம்மிடமும் கேட்க வேண்டும்.

வருகிற லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு வா. திருச்செந்தூர் போகிற வழியில் ஆதிச்சநல்லூரில் இறங்குவோம், தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், இறந்தவர்களைப் புதைத்த தாழிகளை அவை இருந்த இடத்திலேயே பார்க்கலாம். கொற்கைக்கும் போகலாம். முத்துக் குளித்த துறைமுகம் அது, இப்போது கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளை வைத்து முத்துக் குளித்தார்கள், அது பாண்டியன் நாடு என்று முதல் நூற்றாண்டு கிரேக்க வணிகன் ஒருவன் எழுதி வைத்திருக்கிறான். பெரிய புத்தகத்தில் ரோமாபுரி பக்கத்தில் முத்து மாலை போட்ட சீமாட்டி படம் இருக்கிறதல்லவா, அதை மறக்காமல் எடுத்து வரச் சொல்.

அதுவரை பாப்பாவின் கேள்விகளை எனக்கு எழுதி அனுப்பச் சொல். தமிழில் எழுத வராவிட்டால் இங்கிலீஷிலேயே எழுதட்டும், நான் தமிழில் பதில் போடுகிறேன், நீ வாசித்துக் காட்டு. மருமகளையும் கேட்டதாகச் சொல்.

அம்மா