வாய்ச்சொல் போதாது, வாலு

அன்புள்ள வாலு,

நாற்பத்தைந்து வயதில் உன்னை இப்படிக் கூப்பிடக் கூடாதுதான். ஆனால் ஹாஸ்டலில் வைத்த பேர், எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. உன் கடிதத்தில் இருந்த ஊர் வம்பையெல்லாம் இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். அதற்குப் பதில் போனில். இந்தக் கடிதம் உன் கடைசிப் பத்திக்கு மட்டும்.

மூன்றாம் வகுப்பு வந்தும் சின்னவள் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள், கதை சொன்னால் மட்டும் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிறாள், மிஸ்ஸோ 'போகப் போகச் சரியாகிவிடும்' என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். ஏழு வருஷத்துக்கு முன்னால் என் பையனைப் பற்றி நான் உனக்கு எழுதியிருக்க வேண்டிய வரிகள் இவை. எழுதவில்லை. டியூஷனை மாற்றினேன், வல்லாரைக் கீரை கொடுத்தேன், திட்டினேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு நல்ல டீச்சர் வாய்த்தார். முன் பெஞ்சில் உட்கார வைத்தார், கேள்வியைப் படித்துக் காட்டினார், வாயால் சொன்ன பதிலுக்கும் மார்க் போட்டார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அடுத்த ஜூனில் அவர் வேலையை விட்டுப் போனார், அவரோடு எல்லாம் போயிற்று. எதுவும் எழுத்தில் இல்லையே! புதிதாக வந்தவர் 'சோம்பேறி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆபீஸில் போய்க் கேட்டால், "இது தனியார் பள்ளி மேடம், எங்களுக்கு அதெல்லாம் பொருந்தாது" என்றார்கள். நானும் நம்பித் திரும்பி வந்தேன்.

பொருந்தும், வாலு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 1995-இல் வந்த பழைய சட்டத்தில் 7 குறைபாடுகள்தான் இருந்தன. புதியதில் 21, அதில் கற்றல் குறைபாடும் (புத்தி இருந்தும் படிக்க, எழுத மட்டும் திணறுவது) ஒன்று. அதைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்து அதற்கேற்றபடி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 16. 'கூடிய சீக்கிரம்', கவனி, 'போகப் போக' இல்லை. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாம் பிரிவு 17-இல் வருகிறது. சட்டப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவள் எப்படி ஒப்பிக்கிறேன் பார்!

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடு. அப்புறம் உளவியல் நிபுணரின் சோதனை, அதற்குப் பின் அரசு மருத்துவமனையில் சான்றிதழ், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. நாங்கள் அலைந்ததை எழுதினால் தபால்தலை போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நிபுணர் ஒரு பத்தியை இவனைப் படிக்கச் சொன்னார், திணறினான். அவரே படித்துக் காட்டிக் கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான்: "அப்போ அந்தப் பாடம் எனக்குத் தெரியுமாம்மா, தெரியாதாம்மா?"

அட்டையில் 'மாற்றுத்திறனாளி' என்று வருமே, பெண் பிள்ளையாச்சே என்று உன் மாமியார் சொல்வதாக எழுதியிருந்தாய். என் மாமியாரும் சொன்னார். 'சோம்பேறி' பட்டத்தை யாரும் நம்மைக் கேட்டுக் கொடுக்கவில்லை என்றேன், பேச்சு அதோடு நின்றது. சான்றிதழில் போடும் குறைபாட்டின் சதவீதம் 40-க்குக் கீழே வந்தாலும் சோர்ந்துவிடாதே. சொல்வதை எழுத ஆள் கேட்க 40 சதவீதம் கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இவனுக்கு எழுத ஆளும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைத்தன. மொழிப்பாட விலக்கை இவனே வேண்டாம் என்றான். "தமிழ் பிடிக்கும், எழுதத்தான் வராது" என்று வாதம். ஆனால் சொல்லி எழுத வைப்பதும் தனி வித்தை என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. தேர்வுக்கு முன்னால் வீட்டில் பழகும்போது இவன் "எக்ஸ் பிளஸ் ஒய் பை டூ" என்பான், அவன் அப்பா ஒய்-க்குக் கீழே மட்டும் இரண்டைப் போடுவார். மூன்று ராத்திரி சண்டை. அப்புறம்தான் "முழுசுக்கும் கீழே" என்று சொல்லப் பழகினான்.

சான்றிதழ் வரும்வரை காத்திருக்காதே. இந்த வாரமே தலைமை ஆசிரியருக்குத் தேதி போட்டு மனு எழுது. 'உதவி செய்யவும்' என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். கேள்வியைப் படித்துக் காட்ட வேண்டும், வாய்மொழித் தேர்வு வேண்டும், வாரத்துக்கு இத்தனை பீரியடு தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்று கணக்காகக் கேள். நகலில் கையெழுத்தும் சீலும் வாங்காமல் வராதே.

என் மனுவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பேரையும் வகுப்பையும் மாற்றிக்கொள். எழுத்துப் பிழைகளையும் நீயே திருத்திக்கொள். ஹாஸ்டலில் என் ரெக்கார்டு நோட்டு முழுவதையும் திருத்திக் கொடுத்தவள் நீதானே.

உன்
பழைய ரூம்மேட்