புகார்: 5 நொடி என்று வைத்தால் 8 நொடி ஆகிறது – இன்டர்வல் ஷூட்டிங் குறைபாடு

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கேமராவின் டைம்லாப்ஸ் வசதியில் உள்ள குறைகளை ஃபர்ம்வேரில் (கேமராவுக்குள் இயங்கும் மென்பொருளில்) திருத்தித் தரவோ, கேமராவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தைத் தரவோ கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் சிறிய ஜூம் கேமராவை நாங்கள் தேர்ந்தெடுத்ததே, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் டைம்லாப்ஸ் வசதிக்காகத்தான். குறித்த இடைவெளியில் (இன்டர்வல்) தொடர்ந்து படம் எடுத்து, அவற்றை வேகமாக ஓடும் வீடியோவாகச் சேர்ப்பதே டைம்லாப்ஸ். அந்த வசதி சொன்னபடி வேலை செய்யவில்லை. சேவை மையத்தில் முறையிட்டதற்கு, "எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம்" என்று பதில் வந்தது. இருக்கும் குறைகளிலேயே பெரியதை எந்த எடிட்டிங்காலும் சரிசெய்ய முடியாது. அதனால்தான் விவரமாக எழுதுகிறோம்.

அந்தப் பெரிய குறை, கேமரா இன்டர்வலை எண்ணும் விதம். 5 நொடி என்று வைத்தால், ஒரு படத்துக்கு ஷட்டர் திறந்த கணத்திலிருந்து அடுத்த படத்துக்குத் திறக்கும் கணம்வரை 5 நொடி இருக்க வேண்டும். உங்கள் கேமராவோ ஷட்டர் மூடிய பிறகுதான் எண்ணவே தொடங்குகிறது. பகலில் ஷட்டர் வேகம் 1/250 நொடி என்பதால் வித்தியாசம் தெரியாது. சூரியன் மறையும் காட்சியில் மாட்டிக்கொள்கிறது. இருட்ட இருட்ட ஷட்டர் நேரம் நீண்டு 3 நொடியை எட்டும்போது, படத்துக்குப் படம் இடைவெளி 8 நொடியாகிவிடுகிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவில், 5 நொடி இடைவெளி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 720 படம், 28.8 நொடி ஓடும். 8 நொடி இடைவெளி என்றால் 450 படம்தான், 18 நொடியில் முடிந்துவிடும். ஆக, ஒரே காட்சியின் கடைசிப் பகுதியில் மேகம் 1.6 மடங்கு வேகமாகப் போகிறது. பார்ப்பவர் காற்று வலுத்துவிட்டது என்றே நினைப்பார். அன்றைய வானத்தில் அப்படி எதுவும் நடந்திருக்காது.

உங்கள் பொறியாளர்கள் இதைச் சோதித்துப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். எதைப் படம் எடுக்கிறோம் என்பது முக்கியமில்லை, சுவரைப் பார்த்து வைத்தாலும் சரி. மேனுவல் எக்ஸ்போஷர், மேனுவல் ஃபோகஸ், ஜேபெக், வேகமான மெமரி கார்டு, இன்டர்வல் 5 நொடி, 60 படம். முதல் வரிசையை 1/250 நொடியில் எடுங்கள், இரண்டாவதை 3 நொடியில். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் முதல் படத்தின் எக்ஸிஃப் நேரத்தையும் (படக் கோப்பிலேயே பதிவாகும், எடுத்த நேரம்) கடைசிப் படத்தின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். 60 படத்துக்கு 59 இடைவெளி, எனவே இரண்டிலும் 295 நொடி வர வேண்டும். முதல் வரிசையில் ஏறக்குறைய அதுவே வரும். இரண்டாவதில் 472 நொடிக்குக் குறையாது. 3 நொடி திறந்திருந்த பிறகு மிச்சம் 2 நொடி இருக்கிறது. ஒரு ஜேபெக் படத்தைக் கார்டில் எழுத அது தாராளம். ஆகவே வன்பொருளால் முடியாத காரியம் என்று சொல்ல இடமில்லை.

எடிட்டிங் ஏன் உதவாது? எடுக்காமல் விட்ட கணங்கள் கார்டில் இல்லவே இல்லை. இருக்கும் படங்களுக்கு நடுவே மென்பொருள் புதிதாக ஃப்ரேம் செய்து நுழைக்கும். நேர்கோட்டில் போகும் வண்டிக்கு அது ஓரளவு ஒப்பேறும். மேகம் நகரும்போதே உருவமும் மாறுகிறது, அங்கே ஓரங்கள் இழுபட்டுக் குழைந்துவிடும்.

இரண்டாவது, வெளிச்சம் சீராக மாறாமல் படிகளாகத் தாவுவது. வீடியோவில் தெரியும் மினுக்கல் எல்லாவற்றுக்கும் உங்களைக் குறை சொல்லவில்லை. லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவில் மூடுவது கடினம், எஃப் 8 என்ற சிறிய துளைக்குப் பதிலாக லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்தால் அந்த மினுக்கல் அடங்கிவிடும். நாங்கள் சொல்வது வேறு. இன்டர்வல் பயன்முறையில் ஆட்டோ எக்ஸ்போஷர் 1/3 ஸ்டாப் படிகளில் மாறுகிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது). ஒரு படி ஏறினால் வெளிச்சம் 26 சதவீதம் கூடும். தனிப் படத்தில் அது கண்ணில் படாது, ஓடும் வீடியோவில் வானம் முழுதும் ஒரு குதி குதிக்கும். இதே கேமரா வீடியோ எடுக்கும்போது வெளிச்சத்தைப் படி தெரியாமல் மாற்றுகிறதே! கூடவே, இன்டர்வல் பயன்முறைக்குப் போனதும் வொயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவுக்குத் தாவி அங்கேயே பூட்டிக்கொள்கிறது. அந்தியின் செம்மஞ்சளைத் தவறான நிறம் என்று எண்ணிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடுகிறது. சாதாரணப் படத்துக்கு இருக்கும் 'பகல் வெளிச்சம்' தேர்வு இங்கே ஏன் இல்லை?

நட்சத்திரம் எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைக்கும் தேர்வு, ஷட்டர் நேரம் 10 நொடிக்கு மேல் போனால் மெனுவில் மங்கிப்போகிறது; கையேடு இதைச் சொல்லவில்லை. 20 நொடி படத்துக்குப் பின் இன்னொரு 20 நொடி கேமரா ஷட்டரை மூடியபடி இருட்டுப் படம் எடுத்து, அதில் விழும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நட்சத்திரம் நகர்ந்துவிடுவதால், தொடர்கோடாக வர வேண்டிய தடம் விட்டுவிட்டு வருகிறது.

பூ மலர்வது போன்ற மெதுவான காட்சிக்கு 2 நிமிட இடைவெளி வைத்தால் வேறு சிக்கல். ஆட்டோ பவர் ஆஃப் 1 நிமிடத்தில் கேமராவைத் தூங்கவைக்கிறது. அடுத்த படத்துக்கு விழிக்கும்போது லென்ஸ் உள்ளே போய் வெளியே வந்து, ஜூம் அகலக் கோணத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஃபோகஸும் போயிற்று. மெனுவில் ஆட்டோ பவர் ஆஃபை நிறுத்திவைத்தால் திரை அணையாமல் எரிந்து பேட்டரியைத் தின்கிறது. பேட்டரி மாற்றலாம் என்றால், அதன் மூடி ட்ரைபாட் திருகுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூடியைத் திறக்க ட்ரைபாட் பிளேட்டைக் கழற்ற வேண்டும், கழற்றினால் ஃப்ரேம் நகர்ந்துவிடும், அதுவரை எடுத்த வரிசை அங்கேயே அறுந்துவிடும். யூஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே படம் எடுக்க முடிந்தால் இந்தப் பாடே இல்லை. உங்கள் கேமராவில் அந்தத் துளை, கேமரா அணைந்திருக்கும்போது சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படுகிறது.

மூடியின் இடத்தை இனி மாற்ற முடியாது என்பது புரிகிறது. நாங்கள் கேட்பவை ஃபர்ம்வேர் வேலை. எங்கள் கோரிக்கைகள்:

இன்டர்வலை ஷட்டர் திறக்கும் கணத்திலிருந்து எண்ண வேண்டும். ஷட்டர் நேரம் இன்டர்வலைத் தாண்டும்போது சத்தமில்லாமல் இடைவெளியை நீட்டாமல், தொடங்கும் முன்பே திரையில் எச்சரிக்க வேண்டும். வொயிட் பேலன்ஸையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் எங்கள் விருப்பத்துக்கு விட வேண்டும். இரண்டு படங்களுக்கு நடுவே திரை மட்டும் அணைந்து, லென்ஸ் வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும். எக்ஸ்போஷர் படியைச் சிறிதாக்குவது அடுத்த பதிப்பில் வந்தாலும் ஏற்கிறோம், இன்டர்வல் திருத்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அது வரும்வரை, கையேட்டிலும் விளம்பரத்திலும் உண்மையான இடைவெளி 'இன்டர்வலும் ஷட்டர் நேரமும் சேர்ந்தது' என்று தெளிவாக அச்சிட வேண்டும். அப்படி அச்சிட்டிருந்தால் இந்தக் கேமராவை நாங்கள் வாங்கியிருக்க மாட்டோம்.

30 நாட்களுக்குள் திருத்தம் வெளியாகும் தேதியை எழுத்து மூலம் தெரிவியுங்கள். திருத்தம் இல்லை என்பது முடிவானால், கேமராவைத் திருப்பி அனுப்பும் முகவரியையும் பணம் திரும்பக் கிடைக்கும் விதத்தையும் அதே கடிதத்தில் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்கள்

இணைப்பு: ரசீது நகல், சோதனை வரிசைகள் இரண்டின் மூலப் படங்கள், சூரியன் மறையும் காட்சியின் வீடியோ, சேவை மையத்தின் பதில் நகல்