மச்சில் கிடக்கும் மர்பி

தக்கலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாச்சு. ஐப்பசி மழையில் இங்கே துணியும் காயவில்லை, ரேடியோவும் காயவில்லை. பழைய ரேடியோப் பெட்டிகளில் இருக்கும் பேப்பர் கண்டென்சர் ஈரம் குடித்துக் கசிய ஆரம்பித்துவிடும். நேரே கரண்டு கொடுத்தால் புகைதான். அதனால் ஒரு குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் முதலில் ஏற்றுவேன். பல்பு பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். ஒரு தடவை மின்னி மங்கினால் பெட்டி பிழைத்தது.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஆக்கர் கடையில், பழைய சாமான்களுக்கு நடுவே கிடைத்த பிலிப்ஸ் ரேடியோ அப்படித்தான் பிழைத்தது. வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும் இல்லையா, அதற்குள் பேரன் மூன்று தடவை "கேடா தாத்தா?" என்றான். அப்புறம் ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததா என்று காட்டும் பச்சைக் கண் விளக்கு மெல்ல முழித்தது, திருவனந்தபுரம் பேசியது.

அதே கடையில் ஒரு தோல் பெட்டியும் வாங்கினேன். உள்ளே ஒரு கைப்பிடி, கண்ணாடிக் குழாய்கள், அதில் ஒன்று சீப்பு மாதிரி. வயலெட் ரே! நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வழுக்கை முதல் ஆஸ்துமா வரை எல்லாவற்றுக்கும் இதை விற்றார்கள். உள்ளே இருப்பது ஒரு சின்ன டெஸ்லா காயில். வோல்டேஜ் எக்கச்சக்கம், கரண்டு கொஞ்சம். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 வோல்ட் கொடுத்தேன். குழாய் ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது, கையில் சுருக்கென்று குத்தியது, ஓசோன் வாடை. அதே நேரம் அலமாரியில் பாடிக்கொண்டிருந்த பிலிப்ஸ் கர்ரென்று அலறியது பார்! தீப்பொறி பறந்தால் மீடியம் வேவில் கேட்காமல் இருக்குமா? அந்தப் பெட்டி உண்மையாகவே ஏதாவது செய்தது என்றால், ரேடியோவைக் கெடுத்ததுதான்.

முட்டு வலிக்கு ஏதோ கரண்டு பெட்டி வாங்கினதாக எழுதியிருந்தாயே, அதனால்தான் இதைச் சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் ஆப்ராம்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். ஒரு சொட்டு ரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்கும் பெட்டி அவருடையது. ஒருவர் சேவல் ரத்தத்தை அனுப்பிவைக்க, மலேரியா, சர்க்கரை, புற்றுநோய் எல்லாம் இருப்பதாகப் பதில் வந்தது. சிகிச்சைப் பெட்டியை வாடகைக்குத்தான் விடுவார், திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு. 1924-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகைக் குழு எல்லாவற்றையும் ஆராய்ந்து, ஒன்றுக்கும் உதவாது என்று எழுதியது. ஆப்ராம்ஸ் அந்த வருஷம் ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்திருந்தார்.

உன் பெட்டியில் ஸ்க்ரூ இருக்கிறதா, சீல் வைத்திருக்கிறதா? ஸ்க்ரூ என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து, ஒரு போட்டோ அனுப்பு. முழங்காலை மட்டும் நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

இன்னொன்று. உங்கள் வீட்டு மச்சில் உன் அப்பாவின் மர்பி ரேடியோ கிடக்கிறதே, உன் தம்பி அதை எடைக்குப் போட்டுவிடப் போகிறான். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டின லைசென்ஸ் புத்தகமும் அதன் முதுகுக்குள்தான் செருகியிருக்கும். பொங்கலுக்கு வரும்போது இரண்டையும் இறக்குவோம். ஏணி நான் கொண்டுவருகிறேன், நீ ஏற வேண்டாம்.

உன் கூட்டுக்காரன்